ஐந்நூறு டாலர் பாசம்

அமெரிக்காவில் பிப்ரவரி பிறந்தால் போதும், பல வீடுகளில் ஒரே மாதிரியான வாக்குவாதம் தொடங்கிவிடும். போன வருடம் கல்லூரி முடித்து, வெளியூரில் வேலைக்குச் சேர்ந்து, வாடகை வீட்டில் இருக்கும் மகள் முதன்முதலாகத் தன் வருமான வரிப் படிவத்தைத் தானே நிரப்பி மின்வழியில் அனுப்புகிறாள். சற்று நேரத்தில் அது திரும்பி வருகிறது. அவளுடைய சோஷியல் செக்யூரிட்டி எண் இன்னொருவருடைய படிவத்தில் டிபெண்டென்ட் (சார்ந்திருப்பவர்) என்று ஏற்கெனவே ஏறியிருக்கிறதாம். அந்த இன்னொருவர் யார் என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் யாரும் தேவையில்லை.

"ஆமாம்மா, நான்தான் காட்டினேன். வருஷா வருஷம் காட்டுறதுதானே?"

"அப்பா, நான் ஜூன்லேருந்து வேலைக்குப் போறேன்."

"அதனால என்ன? மே மாசம் வரைக்கும் ஃபீஸ் கட்டினது யாரு?"

இந்தக் கடைசிக் கேள்வியோடுதான் எனக்குச் சண்டை. பெற்று வளர்த்தவர், ஃபீஸ் கட்டியவர், இன்னமும் ஃபோன் பில் கட்டுகிறவர். ஆகவே பிள்ளையைத் தன் வரித் தாளில் காட்டுவதும் காட்டாமல் விடுவதும் அவர் இஷ்டம், பிள்ளை கேள்வி கேட்பது நன்றிகெட்டதனம் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. தமிழ் அப்பாக்களுக்கு மட்டும் உரியதல்ல இது. அயோவாவின் சோள விவசாயியும் நியூயார்க்கின் வழக்கறிஞரும் அச்சுப் பிசகாமல் இதையேதான் சொல்கிறார்கள். நம்மவர்கள் சொல்லும்போது கூடவே கொஞ்சம் கண்ணீரும் 'உனக்காக எவ்வளவு பண்ணினோம்' என்ற பட்டியலும் வரும். வித்தியாசம் அவ்வளவுதான்.

சட்டப்படி இந்த எண்ணம் தவறு. பணக்கணக்குப் பார்த்தாலும் பல வீடுகளில் இது நஷ்டம்.

அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 152-ஆம் பிரிவுதான் யார் டிபெண்டென்ட் என்று சொல்கிறது. பெற்றோரின் விருப்பம், பிள்ளையின் சம்மதம், குடும்ப கௌரவம் எதற்கும் அதில் இடமில்லை. டிசம்பர் 31 அன்று பிள்ளைக்கு 19 வயது நிரம்பியிருக்கக் கூடாது. அந்த ஆண்டில் ஏதேனும் ஐந்து மாதங்களில் முழுநேர மாணவராக இருந்திருந்தால் 24 வரை விடுவார்கள். நிரந்தரமாக வேலை செய்ய இயலாத உடல்நிலை உள்ளவருக்கு வயது வரம்பே கிடையாது. ஆண்டில் பாதிக்கு மேல் பெற்றோருடன் வசித்திருக்க வேண்டும். படிப்புக்காக விடுதியில் இருந்த நாட்களும் வீட்டில் இருந்ததாகவே எண்ணப்படும். தன் வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் பிள்ளை தானே போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. இவை பொருந்தாவிட்டால் 'தகுதியுள்ள உறவினர்' என்று இன்னொரு வழி உண்டு. ஆனால் அதில் பிள்ளையின் ஆண்டு வருமானமே 2024-க்கு 5,050 டாலருக்கும் 2025-க்கு 5,200 டாலருக்கும் கீழே இருக்க வேண்டும். செலவில் பாதிக்கு மேல் பெற்றோர் போட்டிருக்கவும் வேண்டும். வேலைக்குப் போகும் பிள்ளை பெரும்பாலும் இந்த வழிக்குள் நுழைய முடியாது.

இவை ஒவ்வொன்றும் நடந்ததா, நடக்கவில்லையா என்று பார்த்துச் சொல்ல வேண்டிய சங்கதி. யார் யாருக்கு விட்டுக்கொடுப்பது என்ற பேச்சே இதில் எழக்கூடாது. 1040 என்ற வருமான வரிப் படிவத்திலேயே பிள்ளையிடம் கேட்டுவிடுகிறார்கள்: உங்களை வேறொருவர் டிபெண்டென்ட்டாகக் காட்ட முடியுமா? அப்பாவிடம் கேட்டீர்களா என்று அங்கே கேட்பதில்லை.

நம்மவர்கள் பலர் இதை ரேஷன் கார்டு போல நினைத்துக்கொள்கிறார்கள். ஒருமுறை பெயர் ஏறிவிட்டால், யாராவது தாலுகா அலுவலகத்துக்குப் போய் எழுதிக்கொடுத்து நீக்கும்வரை அது அங்கேயே இருக்கும். கல்யாணமாகிப் போன அக்காவின் பெயர் பத்து வருடம் கழித்தும் கார்டில் இருப்பதைப் பார்த்திருக்கிறோம். வரிப் படிவத்தில் பெயர் அப்படித் தங்குவதில்லை. ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் கணக்கு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறது. மென்பொருள் போன வருடத்துப் பெயர்களைத் தானாகவே இழுத்து வந்து போடும். அதைப் பார்க்காமல் 'அடுத்து' பொத்தானை அழுத்துகிற விரலிலிருந்துதான் பாதித் தகராறுகள் பிறக்கின்றன.

இதில் வேடிக்கை, சட்டம் ஏற்கெனவே பெற்றோர் பக்கம் நன்றாகச் சாய்ந்திருக்கிறது என்பது. 2004-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு, பிள்ளையின் செலவில் பாதிக்கு மேல் பெற்றோர் போட்டதாகக் காட்ட வேண்டியிருந்தது. 2005 முதல், பிள்ளை தன் செலவில் பாதிக்கு மேல் போடவில்லை என்றாலே போதும். பாட்டி கொடுத்தாலும் சரி, பல்கலைக்கழகம் கொடுத்தாலும் சரி, பெற்றோர் ஒரு டாலர்கூடத் தராமல் இருந்தாலும் காட்டலாம். மாணவர் உழைத்து வாங்கிய ஸ்காலர்ஷிப் அவர் போட்ட பணமாகக் கணக்கில் சேராது. இன்டெர்ன்ஷிப்பில் சம்பாதித்து வங்கியில் போட்டு வைத்த பணமும் சேராது, செலவழித்தால்தான் கணக்கு. இத்தனை சலுகைக்குப் பிறகும் ஒரு தகப்பனாரால் காட்ட முடியவில்லை என்றால், அந்தப் பிள்ளை உண்மையாகவே தன் காலில் நிற்கிறது என்று பொருள். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டியவர் ஏன் கோபப்படுகிறார்?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். அமெரிக்க வருமான வரித்துறையான ஐ.ஆர்.எஸ். வெளியிடும் பப்ளிகேஷன் 501 என்ற கையேட்டில் இதற்கென்றே ஒரு தாள் இருக்கிறது. அப்பா அம்மா டாலஸ் பக்கம். மகளுக்கு 22 வயது, மாநிலப் பல்கலைக்கழகத்தில் மே மாதம் பட்டம் வாங்கினாள், ஜூன் முதல் தேதி சியாட்டிலில் வேலை. ஜனவரியிலிருந்து மே வரை பெற்றோர் கட்டிய கல்விக் கட்டணம் 6,000 டாலர், விடுதி, சாப்பாடு 5,000. வருடம் முழுக்க ஃபோன், கார் காப்பீடு என்று 1,500. ஆக 12,500. ஜூனிலிருந்து டிசம்பர் வரை மகள் கட்டிய வாடகை மாதம் 1,800 வீதம் 12,600. சாப்பாட்டுக்கு மாதம் 450, பேருந்து, துணிமணி, மற்றவைக்கு 300. ஏழு மாதத்துக்கு எல்லாம் சேர்த்து 17,850. மொத்தச் செலவு 30,350 என்றால் பாதி 15,175. மகள் அதைத் தாண்டிவிட்டாள். அவள் சம்பளத்தில் பிடித்த வரியையோ 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்பில் போட்டதையோ நான் இதில் சேர்க்கவில்லை, சேர்க்கவும் கூடாது.

அப்பாவுக்கு இந்தக் கூட்டல் கழித்தலே தேவைப்பட்டிருக்காது. விடுதி நாட்களை வீட்டு நாட்களாக எண்ணினாலும் ஜனவரி முதல் மே வரை ஐந்து மாதம்தான் வருகிறது. ஆண்டில் பாதி ஆகவில்லை. சியாட்டில் வீடு படிப்புக்காகப் போய்த் தங்கிய இடமும் அல்ல. வசிப்பிட நிபந்தனையிலேயே கதை முடிந்தது.

இதே மகள் பட்டம் வாங்கியதும் டாலஸுக்கு வந்து, ஆகஸ்ட் கடைசி வரை அம்மா சமையலைச் சாப்பிட்டுவிட்டு, செப்டம்பரில் சியாட்டிலுக்குப் போயிருந்தால்? எட்டு மாதம் வீட்டில். அவள் கையால் செலவழித்தது நான்கு மாத வாடகையும் சாப்பாடும், ஏறக்குறைய 10,000 டாலர். அப்போது அப்பா காட்டலாம். மகள் முகம் சுளித்தாலும் காட்டலாம். அதே குடும்பம், அதே பாசம், அதே ஃபீஸ். மூன்று மாதம் எங்கே தூங்கினாள் என்பதில் முடிவு மாறுகிறது. இதைப் போய் உரிமை, நன்றி என்று பேசினால் எப்படி?

சரி, இவ்வளவு மல்லுக்கட்டி அப்பாவுக்குக் கிடைப்பது என்ன? 2017 வரை ஒவ்வொரு டிபெண்டென்ட்டுக்கும் 4,050 டாலர் வருமானத்தைக் கழித்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு டிசம்பரில் வந்த வரிச் சட்டம் 2018-லிருந்து அதைப் பூஜ்ஜியமாக்கியது. 2025 ஜூலையில் வந்த சட்டம் அதை நிரந்தரமாக்கிவிட்டது. குழந்தைகளுக்கான 2,000 டாலர் சலுகை (2025 முதல் 2,200) 17 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத்தான். 22 வயது மகளைக் காட்டினால் வருவது 'மற்ற டிபெண்டென்ட்' என்ற பெயரில் 500 டாலர். கல்விச் செலவுக்கான 2,500 டாலர் சலுகையும் உண்டே என்பார்கள். உண்டு, ஆனால் கணவன் மனைவி கூட்டு வருமானம் 1,60,000 டாலரைத் தாண்டும்போது அது குறையத் தொடங்கி 1,80,000-ல் காணாமல் போய்விடும். இரண்டு பேரும் மென்பொருள் வேலையில் இருக்கும் வீட்டில் அதன் நிழல்கூடப் படாது.

மகளுக்கு அது முழுதாகக் கிடைக்கும். அவள் யாருடைய டிபெண்டென்ட்டும் அல்ல என்றால், அப்பா கட்டிய ஃபீஸையே அவள் கட்டியதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஏழு மாதச் சம்பளம் 45,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், 2025-ன் நிலையான கழிவு 15,750 போக அவளுக்கு வரும் வரி 3,270 டாலர் சுமாருக்கு. அதில் 2,500 குறையும். அப்பா தனக்கு உரிமையில்லாத 500-ஐ எடுத்து, மகளுக்கு உரிமையுள்ள 2,500-ஐ அரசாங்கத்துக்கே விட்டுக்கொடுக்கிறார். குடும்பத்துக்கு நிகர நஷ்டம் 2,000. 'எல்லாம் உங்களுக்காகத்தானே சேர்க்கிறேன்' என்று சொல்லும் அதே வாய்.

மகள் இன்னும் படித்துக்கொண்டிருந்து, அப்பா நியாயமாகவே காட்டலாம் என்ற நிலை இருந்தாலும்கூட, வருமானம் அதிகமுள்ள வீட்டில் அவர் காட்டாமல் இருப்பது லாபமாக இருக்கலாம். தகுதி இருந்தும் பெற்றோர் காட்டாவிட்டால், வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்கும் மாணவர் அந்தக் கல்விச் சலுகையைத் தானே எடுத்துக்கொள்ளலாம். வரி ஆலோசகர்கள் வருடா வருடம் சொல்லும் விஷயம்தான். அப்பாவின் காதில் மட்டும் 'மகளை விட்டுக்கொடு' என்று விழுகிறது.

பிள்ளையைக் காட்டுவது பெற்றோர் இஷ்டம் என்ற நம்பிக்கை எவ்வளவு செலவு வைக்கும் என்பதை 2020 நன்றாகவே காட்டியது. கொரோனாக் காலத்து முதல் உதவித்தொகை ஆளுக்கு 1,200 டாலர், டிசம்பரில் இரண்டாவது 600. டிபெண்டென்ட்டாகக் காட்டப்பட்ட பெரியவர்களுக்கு இரண்டுமே கிடையாது. பெற்றோருக்குக் குழந்தைக் கணக்கில் கிடைத்த கூடுதல் தொகையும் 17 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான். உணவகத்தில் வேலை பார்த்து, தன் வாடகையைத் தானே கட்டி, ஊரடங்கில் வேலையையும் இழந்த 23 வயதுப் பையன். வீட்டில் பழக்கதோஷத்தில் அவனைக் காட்டினார்கள். 500 டாலருக்காக அவனுக்கு 1,800 போயிற்று. 2021 மார்ச்சில் வந்த மூன்றாவது தொகை 1,400 எல்லா வயது டிபெண்டென்ட்டுக்கும் உண்டு, ஆனால் பணம் பெற்றோர் கணக்கில் போய் விழுந்தது. அதைப் பிள்ளையிடம் கொடுத்த பெற்றோரும் உண்டு, கார் தவணைக்குக் கட்டியவர்களும் உண்டு. 2020-க்கான தொகையைக் கேட்டுப் பெறும் கெடு 2024 மே மாதத்தோடு முடிந்தது. இனி அந்தப் பணம் யாருக்கும் வராது.

"நான் முதல்லயே ஃபைல் பண்ணிட்டேன், இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லும் அப்பாக்களும் இருக்கிறார்கள். முந்தினவருக்குத்தான் பந்தி என்ற இந்த எண்ணம் ஜனவரி கடைசி வாரத்தில் ஒரு ஓட்டப்பந்தயத்தையே உண்டாக்குகிறது. மின்வழியில் இரண்டாவதாக வந்த படிவம் திரும்புவது, ஒரே எண் இரண்டு இடத்தில் இருப்பதைக் கணினி பார்த்ததால் மட்டுமே. யார் பக்கம் நியாயம் என்று எவரும் விசாரித்து முடிவு செய்யவில்லை. திரும்பி வந்த படிவத்தை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, தபாலில் அனுப்பினால் வாங்கிக்கொள்வார்கள். ஒரே டிபெண்டென்ட்டை இருவர் காட்டியிருந்தாலும், இரண்டாவதாக அனுப்புகிறவர் ஐ.ஆர்.எஸ். கொடுக்கும் ஆறு இலக்க ரகசிய எண்ணைச் சேர்த்திருந்தால், 2025 முதல் மின்வழியிலேயே ஏற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு சிபி 87 என்று தொடங்கும் எண்ணோடு கடிதம் வரும்: உங்கள் படிவத்தில் உள்ள ஒருவரின் எண் வேறொரு படிவத்திலும் இருக்கிறது, உங்களுடையது தவறென்றால் திருத்துங்கள், சரியென்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். அந்த வேறொருவர் யார் என்று கடிதம் சொல்லாது. இருவரும் அசையாவிட்டால் சான்று கேட்பார்கள். தவறு செய்தவர் 500-ஐத் திருப்பிக் கட்டுவதோடு வட்டியும், சில சமயம் 20 சதவீத அபராதமும் கட்ட நேரிடும். வேண்டுமென்றே விதியைப் புறக்கணித்தார் என்று முடிவானால் அந்தச் சலுகையை இரண்டு ஆண்டு தொடவே முடியாது. மோசடி என்றால் பத்து ஆண்டு.

வாதத்தில் தோற்கும் நிலை வந்தால் மிரட்டல் வரும். "உன்னை நான் காட்டலைன்னா என் இன்ஷூரன்ஸ்ல நீ இருக்க முடியாது." முடியும். 2010-ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டப்படி, பெற்றோரின் திட்டத்தில் பிள்ளைகளைச் சேர்க்க இடமிருந்தால் 26 வயது வரை வைத்திருக்க வேண்டும். தனி வீட்டில் இருந்தாலும், கல்யாணமே ஆகியிருந்தாலும், வரித் தாளில் யார் காட்டினாலும் சரி. "நான் காட்டினாத்தான் உனக்கு காலேஜ் உதவித்தொகை வரும்." வராது, போகாது. ஃபாஃப்சா என்ற கல்வி உதவி விண்ணப்பத்துக்கு அதன் சொந்த விதிகள். 24 வயதுக்குக் கீழே, கல்யாணமாகாத, பிள்ளையில்லாத, ராணுவத்தில் இல்லாத இளங்கலை மாணவரை, வேறு விதிவிலக்கு இல்லாவிட்டால், அது பெற்றோரைச் சார்ந்தவராகவே எடுத்துக்கொள்ளும். அவர் லட்சாதிபதியாக இருந்தாலும் சரி, வரித் தாளில் தனியாக நின்றாலும் சரி. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: சில மாநிலங்களில் உள்ளூர்வாசிக் கட்டணம் பெறுவதற்கு, பெற்றோரின் டிபெண்டென்ட்டா என்று பல்கலைக்கழகம் பார்க்கும். அப்படிப்பட்ட இடத்தில் அந்த விதியை எடுத்துப் படிப்பதுதான் வழி.

இந்தக் குழப்பங்கள் வானத்திலிருந்து விழவில்லை. ஒரு காலத்தில், வரித் தாளில் பெற்றோர் காட்டினார்களா என்பதைக் கல்வி உதவிக்கான அளவுகோல்களில் ஒன்றாகவே வைத்திருந்தார்கள். அதைவிடச் சுவையானது, 1986 வரை இருந்த ஏற்பாடு. வேலை பார்க்கும் மாணவரைப் பெற்றோர் தம் படிவத்தில் காட்டலாம், மாணவரும் தன் படிவத்தில் தனக்கான விலக்கை எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஆளுக்கு இரண்டு கழிவு! ரீகன் கையெழுத்திட்ட அந்த ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம் அதை நிறுத்தியது. ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள டிபெண்டென்ட்டுகளுக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் எழுத வேண்டும் என்ற நிபந்தனையையும் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே நாடு முழுக்கச் சுமார் 70 லட்சம் டிபெண்டென்ட்டுகள் படிவங்களிலிருந்து மறைந்துபோனார்கள். அவர்களில் எத்தனை பேர் நாய்க்குட்டிகளோ, யார் கண்டது! ஆக, இஷ்டத்துக்குக் காட்டும் பழக்கம் இந்த ஊரின் பழைய சொத்து. நாம் விமானத்தில் கொண்டுவந்ததில்லை.

இதுவரை சொன்ன அப்பாக்கள் பெரும்பாலும் நல்லவர்கள், விவரம் தெரியாதவர்கள். எனக்குப் பொறுக்காதவர்கள் வேறு. காதல் பிடிக்கவில்லை, மதம் மாறினான், தன் பாலினத்தவரையே விரும்புகிறான் என்று காரணம் சொல்லி மகனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, ஏப்ரலில் அதே மகனின் எண்ணை எடுத்துப் படிவத்தில் எழுதுகிறவர்கள். வீட்டில் இடமில்லை, வரித் தாளில் மட்டும் இடம் உண்டு. இப்படிப்பட்ட பையன் அரசுச் சந்தையில் மருத்துவக் காப்பீடு வாங்கியிருந்தால், அதற்கான பிரீமியச் சலுகையும் டிபெண்டென்ட் என்று காட்டப்பட்டதாலேயே சிக்கலில் மாட்டும். கல்விக் கடன் வட்டிக்கு அவன் எடுக்கக்கூடிய 2,500 டாலர் வரையிலான கழிவும் போகும். கடன் அவன் பெயரில் இருப்பதால் அப்பாவும் அதை எடுக்க முடியாது.

கைக்குழந்தையோடு பெற்றோர் வீட்டில் இருக்கும் இளம் தாய் இன்னும் மோசமாக ஏமாறுகிறாள். படிப்பை விட்டுக் கடையில் வேலை பார்க்கும் 22 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் யாருடைய 'தகுதியுள்ள பிள்ளை'யும் அல்ல. குழந்தையைத் தன் படிவத்தில் காட்டினால், உழைப்பவருக்கான வருமானச் சலுகை மட்டுமே 2024-ல் ஒரு குழந்தைக்கு அதிகபட்சம் 4,213 டாலர். தாத்தா "என் வீட்டுலதானே இருக்கீங்க" என்று மகளையும் பேரக்குழந்தையையும் சேர்த்துக் காட்டிவிடுவார். தாயும் தாத்தாவும் ஒரே குழந்தையைக் காட்டினால் சட்டம் தாய்க்கே கொடுக்கிறது. அவள் காட்டாமல் விட்டு, தாத்தாவின் வருமானம் அவளுடையதைவிட அதிகமாக இருந்தால்தான் அவருக்கு. மகளிடம் இதை யாரும் சொல்வதில்லை. கூரை போட்டுக் கொடுத்ததற்கு வாடகையாக வருடம் சில ஆயிரம் டாலர், மகளுக்குத் தெரியாமலே.

இளையவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. "நான் சம்பாதிக்கிறேன், ஆகவே இண்டிபெண்டென்ட்" என்பது அவர்கள் பக்கத்து மூடநம்பிக்கை. கோடையில் இன்டெர்ன்ஷிப் செய்து 25,000 டாலர் சம்பாதித்து, அதை அப்படியே பங்குச் சந்தையில் போட்டுவிட்டு, மீதி நாட்கள் அப்பா காசில் படித்துச் சாப்பிட்ட பையன், மூன்றாம் ஆண்டு மாணவனாக இருந்தால் டிபெண்டென்ட்தான். தகுதியுள்ள பிள்ளைக்கு வருமான வரம்பே இல்லை. அவன் 'யாரும் என்னைக் காட்ட முடியாது' என்று டிக் அடித்து அனுப்பினால் திருத்த வேண்டியவன் அவன்தான். சம்பளத்துக்கு அவனுக்குப் பெரிய நஷ்டமும் இல்லை: டிபெண்டென்ட்டின் நிலையான கழிவு, உழைத்துச் சம்பாதித்த வருமானத்தோடு 450 டாலர் சேர்த்து, முழு வரம்பு வரை போகும். மாறாக, தன் பெயரில் கல்விக் கடன் எடுத்து அதில் ஃபீஸும் வாடகையும் கட்டியவனுக்கு அந்தக் கடன் அவனே போட்ட பணம். திருப்பிக் கட்டப்போவது அவன்தானே!

விசா வரிசையில் நிற்கும் நம் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. அது அநேகர் கண்ணில் படுவதில்லை. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளை 21 வயதில் அந்தத் தகுதியை இழந்து எஃப்-1 மாணவராக மாறினால், அதன் பின் வரும் ஆண்டுகளில் அவர் நாட்கள் வரிக் கணக்கில் வசிப்பாக எண்ணப்படாமல், பெரும்பாலும் அயல்வாசி ஆகிவிடுவார். ஐந்து வயதில் வந்து இங்கேயே வளர்ந்து, டெக்சாஸ் உச்சரிப்பில் பேசுகிற பையன். வரிச் சட்டத்துக்கு அந்நியன். குடிமகனோ வரிக் கணக்கில் உள்நாட்டுவாசியோ அல்லாதவரை டிபெண்டென்ட்டாகக் காட்ட முடியாது. கனடா, மெக்சிகோ வாசிகளுக்கு விலக்கு உண்டு. ஃபீஸ் முழுக்க அப்பா கட்டினாலும், பையன் மாடி அறையிலேயே தூங்கினாலும், காட்ட முடியாது.

இதே விதியை நம் ஆட்கள் வேறொரு இடத்தில் நன்றாகவே அறிவார்கள். கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ இருக்கும் அப்பா அம்மாவுக்கு மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறார்கள், மருந்துச் செலவு முழுக்க இவர்களுடையது. அவர்களை டிபெண்டென்ட்டாகக் காட்ட முடியாது என்று முதல் வருடமே தெரிந்துகொண்டு, முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொள்கிறார்கள். பணம் போட்டால் மட்டும் போதாது என்பது அங்கே புரிகிறது. மகள் விஷயத்தில் மட்டும் 'ஃபீஸ் கட்டினது யாரு' என்று கேட்கத் தோன்றுகிறது.

தவறு தெரிந்தபிறகும் திருத்தத் தயங்குவதற்கு ஒரு காரணம் சொல்வார்கள்: "நாமாவே போய்த் தப்புன்னு சொன்னா ஆடிட் வரும், கிரீன் கார்டுக்கு இடைஞ்சல்." நடப்பது நேர்மாறு. ஐ.ஆர்.எஸ். அந்தப் படிவத்தை ஆய்வுக்கு எடுத்து நம்மைத் தொடர்புகொள்வதற்கு முன் 1040-எக்ஸ் படிவத்தில் திருத்திவிட்டால், துல்லியமின்மைக்கான அந்த 20 சதவீத அபராதத்தைத் தவிர்க்கலாம். 500 டாலரும் கொஞ்சம் வட்டியும் கட்ட வேண்டியிருக்கும். கடிதம் வந்தபிறகு திருத்துவதைவிட அது மலிவு. குடியுரிமை விண்ணப்பத்தில் பாக்கி வரி உண்டா என்று கேட்கும்போதும் கையில் சுத்தமான கணக்கு இருக்கும்.

அப்பா மனம் மாறும்வரை மகள் காத்திருக்க வேண்டியதில்லை. சமாதானப் பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும்; படிவம் ஏப்ரல் 15-க்குள் தபாலில் போக வேண்டும். திரும்பி வர வேண்டிய பணம் வர மாதக்கணக்கில் ஆகும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு, சியாட்டில் வாடகை ஒப்பந்தம், ஜூன் முதல் டிசம்பர் வரையிலான வங்கி அறிக்கைகள், வேலையில் சேர்ந்த தேதி உள்ள கடிதம் மூன்றையும் ஒரு கோப்பில் எடுத்து வைக்கலாம். சிபி 87 கடிதத்துக்குப் பின்னால் விசாரணை என்று வந்தால் கேட்பது அவற்றைத்தான். அப்பாவிடம் கேட்பதும் அவற்றைத்தான், அவரிடம் அவை இருக்காது.